வாயைக் கட்டியும் எடை திரும்பி வருகிறதே, மூளைதான் காரணமா?

கோரையாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்பு இரவுச் சோற்றை நிறுத்தி, மதியச் சோற்றைப் பாதியாக்கி, காலையில் ஆற்றங்கரையில் நடந்து ஏறக்குறைய பத்துக் கிலோ குறைத்தேன். "சுகர் வந்துடுச்சா டீச்சர், இப்படி இளைச்சுட்டீங்க" என்று ஊரே விசாரித்தது. இப்போது அந்தப் பத்தும் திரும்பி வந்துவிட்டது, போதாக்குறைக்கு ஒன்றிரண்டு கூடவே. சத்தியமாகச் சொல்கிறேன், பழையபடி சாப்பிடவில்லை. அப்போது சாப்பிட்டதைவிட இப்போதும் குறைவுதான்.

போன வாரம் ஒரு டாக்டரிடம் போனேன். நான் சொல்லி முடிப்பதற்குள் "வாயைக் கட்டுங்கம்மா" என்று சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் என் மாமியார் மூன்று வேளையும் சோறுதான் சாப்பிடுகிறார். ஒரு பிடி குறைப்பதில்லை, எடையும் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது. எடையை மூளைதான் தீர்மானிக்கிறது என்று எங்கோ படித்தேன். அது உண்மையா, இல்லை என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லும் ஆறுதலா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நீடாமங்கலம் ஜங்ஷன் எழுதியது:

துண்டைப் போட்டு இடம் பிடித்து வைக்கிறேன். எனக்கும் இதே கேள்விதான்.

கடைமடைக்காரன் எழுதியது:

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதில் மூளை எங்கே வந்தது? உள்ளே போவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு, அவ்வளவுதான் கணக்கு. எங்கள் தாத்தா காலத்தில் வேதாரண்யம் பக்கத்தில் தொப்பை வைத்த ஆள் என்றால் ஒன்று மிராசுதார், இல்லை அவருடைய கணக்குப்பிள்ளை. மற்றவர்கள் நாற்று பறித்தார்கள், நட்டார்கள், களை எடுத்தார்கள், அறுத்துக் கட்டித் தலையில் தூக்கிக் களத்துக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வயலைப் பார்க்கப் போவதற்கும் பைக். சோறு மட்டும் அதே அளவு. தாத்தாவுக்கு இருந்த அதே மூளைதானே பேரனுக்கும்?

வெட்டாறு எழுதியது:

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் வகுப்பு எடுக்கிறேன். இது என் பாடம் என்பதால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைமடை அண்ணன் சொல்லும் கணக்கை யாராலும் மீற முடியாது. சரி, அந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்போமே. ஒருவர் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறார் என்று வையுங்கள். வருஷத்துக்கு 7,30,000. உடம்பில் சேரும் கொழுப்பு ஒரு கிலோவில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. நாளுக்கு 20 கலோரி, அதாவது ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை, கூடுதலாகப் போனால் வெறும் கூட்டல்படி வருஷக் கடைசியில் ஏறக்குறைய 1 கிலோ ஏற வேண்டும். 20 வருஷத்தில் 20 கிலோ. டீச்சரின் மாமியார் காபிக்குச் சர்க்கரையை அளந்தா போடுகிறார்? நிச்சயமாக இல்லை. ஆனாலும் எடை நகரவில்லை. அப்படியென்றால் அவர் சார்பில் யாரோ உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்கள்.

அந்த ஆள்தான் ஹைப்போதலாமஸ். மூளையின் அடிப்பாகத்தில் இருக்கிறது, மொத்த எடை சில கிராம். 1940-இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் எலிகளுக்கு அதன் நடுப்பகுதியில் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். எலிகள் தின்று தின்று உருண்டையாகிவிட்டன. 1951-இல் யேல் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுக்காரர் பி.கே. ஆனந்த், புரோபெக் என்பவருடன் சேர்ந்து அதே ஹைப்போதலாமஸின் இரண்டு பக்கவாட்டிலும் காயம் செய்து பார்த்தார். இப்போது நேர் எதிர். தீனி முன்னாலேயே கிடக்க, அந்த எலிகள் வாயே வைக்காமல் பட்டினியில் செத்தன. ஆனந்த் பின்னாளில் டில்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைத் தொடங்கி நடத்தியவர். எங்கள் மாணவர்களுக்கே இது தெரியாது என்பது எனக்கு ஒரு குறை.

இன்றைக்கு அது பசி மையம், இது நிறைவு மையம் என்று இடம் பிரித்துச் சொல்வதில்லை. ஹைப்போதலாமஸுக்குள்ளேயே ஆர்க்குவேட் என்ற ஒரு சின்னப் பகுதியில் இரண்டு வகை நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், கலந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வகையின் பெயர் ஏ.ஜி.ஆர்.பி., அது தூண்டப்பட்டால் பசி. இன்னொன்று பி.ஓ.எம்.சி., அது தூண்டப்பட்டால் போதும் என்ற உணர்வு. வயிறு நிறைந்த சுண்டெலிக்கு ஏ.ஜி.ஆர்.பி. நியூரான்களை மட்டும் ஒளி பாய்ச்சித் தூண்டிவிட்டார்கள், 2011-இல். சில நிமிஷத்தில் அது தீனியின் மேல் பாய்ந்தது. விளக்கை அணைத்ததும் நிறுத்திக்கொண்டது. அந்த எலியிடம் போய் "வாயைக் கட்டு" என்று சொல்லிப் பாருங்கள்.

தலைமடை எழுதியது:

டாக்டர் ஐயா, நான் பொதுப்பணித்துறையில் ஆற்றுப் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வது எனக்கு எங்கள் வேலை மாதிரியே கேட்கிறது. மேட்டூரில் எத்தனை அடி இருக்கிறது, எவ்வளவு வருகிறது, சம்பா முடியும் வரை தாங்குமா என்று பார்த்துத்தான் கல்லணையில் பிரித்து விடுவோம். இருப்பு குறைந்தால் முறை வைத்துவிடுவோம், காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள். அப்போது கடைமடைக்காரர்கள் எங்களைத் திட்டுவார்கள். மூளையும் இப்படித்தான் முறை வைக்கிறதா?

கடைமடைக்காரன் எழுதியது:

திட்டாமல் என்ன செய்வது? எங்கள் ஊருக்குத் தண்ணீர் வருவதற்குள் நாற்று முற்றிவிடும். அதை விடுங்கள். மேட்டூரில் எத்தனை அடி என்று பார்க்க அளவுகோல் இருக்கிறது. உடம்பில் எத்தனை கிலோ கொழுப்பு கிடக்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரியும்?

வெட்டாறு எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அண்ணே. இதே கேள்விதான் விஞ்ஞானிகளை நாற்பது வருஷத்துக்கு மேல் அலைய வைத்தது.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பிறவியிலேயே அளவில்லாமல் தின்னும் இரண்டு வகைச் சுண்டெலிகள் இருந்தன. டக்ளஸ் கோல்மன் என்பவர் ஒரு குண்டு எலியையும் ஒரு சாதாரண எலியையும் பக்கவாட்டில் ஒட்டித் தைத்து, இரண்டின் ரத்தமும் கலக்கும்படி செய்தார். முதல் வகைக் குண்டு எலியை அப்படி ஒட்டியபோது அது தின்பதைக் குறைத்துக்கொண்டது. இரண்டாம் வகையை ஒட்டியபோது அந்தக் குண்டு எலிக்கு எதுவும் ஆகவில்லை, ஆனால் பக்கத்தில் இருந்த சாதாரண எலி சாப்பாட்டை நிறுத்திச் செத்துப்போனது. கோல்மன் இதிலிருந்து ஊகித்தது இதுதான்: "போதும்" என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகை எலியால் அதைச் சுரக்க முடியவில்லை. இரண்டாம் வகை எலி ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் அதன் மூளைக்கு அது கேட்கவில்லை.

அந்த ஏதோ ஒன்று எது என்று தெரிய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு அந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த ஹார்மோனுக்கு லெப்டின் என்று பெயர். அதைச் சுரப்பது வேறு எதுவுமில்லை, நாம் திட்டிக்கொண்டே சுமக்கும் அதே கொழுப்புதான். கொழுப்பு கூடினால் ரத்தத்தில் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். மூளை அதைப் படித்து இருப்பைத் தெரிந்துகொள்கிறது.

சாப்பாட்டுக்குச் சாப்பாடு வேறு தகவல்களும் போகின்றன. வெறும் வயிறு கிரெலின் என்ற ஹார்மோனை அனுப்பும். இது 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. வயிறு விரிந்தால், வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு சொல்லும். குடலில் உணவு இறங்க இறங்கச் சில ஹார்மோன்கள் போதும் போதும் என்கும். இவையெல்லாம் அன்றாட வரத்து. லெப்டின்தான் மொத்த இருப்பு.

தலைமடை ஐயா கேட்டதற்கு: ஆமாம், முறை வைக்கிறது, அதுவும் மிகக் கறாராக. லெப்டின் விழுந்தால் தைராய்டைத் தணிக்கிறது, நாடித்துடிப்பைக் குறைக்கிறது, தசைகளைச் சிக்கனமாக ஓட்டுகிறது, உடம்பு லேசாகக் குளிர்கிறது. பெண்களுக்கு ரொம்பவும் குறைந்தால் மாதவிலக்கே நின்றுபோகும். கூடவே பசியையும் ஏற்றிவிடும். ஆனால் உங்கள் ஆற்றுக்கும் உடம்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளம் வந்தால் நீங்கள் முக்கொம்பில் கொள்ளிடத்தைத் திறந்துவிடுவீர்கள். மூளைக்கு அப்படி ஒரு கொள்ளிடம் கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு சின்ன வடிகால்.

கோரையாறு எழுதியது:

இதைப் படித்ததும் எனக்கு மாமியார் ஞாபகம்தான் வந்தது. அவருக்கு மட்டும் கொள்ளிடமே இருக்கும் போலிருக்கிறதே.

வெட்டாறு எழுதியது:

கொள்ளிடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வடிகாலின் அகலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பது நிஜம். 1999-இல் மேயோ கிளினிக்கில் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். சிலருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை. சிலருக்கு 4 கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. ஏறாதவர்கள் ரகசியமாக ஓடவும் இல்லை, உடற்பயிற்சி செய்யவும் இல்லை. தங்களுக்கே தெரியாமல் நாள் முழுக்க அசைந்துகொண்டே இருந்தார்கள். எழுந்திருப்பது, நடப்பது, காலாட்டுவது, இடம் மாறி உட்கார்வது என்று கூடுதல் கலோரியில் பெரும் பங்கு அதிலேயே தீர்ந்துவிட்டது. உங்கள் மாமியார் எப்படி?

கோரையாறு எழுதியது:

ஐயோ, கச்சிதமாகச் சொன்னீர்கள். உட்காரவே மாட்டார். வாசல் தெளித்த கையோடு கொல்லைக்குப் போய் மட்டையைப் பொறுக்குவார், வந்து மாட்டுக்குத் தவிடு கரைப்பார், காயப்போட்ட வடகத்தைப் புரட்டிவிட்டு வருவார். டிவி சீரியல் பார்க்கும்போதுகூடக் கீரை ஆய்ந்துகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து அடுப்பை எட்டிப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோஃபாவில் சாய்ந்ததுதான்.

சரி, என் கதைக்கு வருவோம். குறைத்தது ஏன் திரும்பியது?

வெட்டாறு எழுதியது:

மேலே சொன்ன முறை வைத்தல்தான். அது குறைக்கும் நாட்களோடு முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் சிக்கல். 2011-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று, அதிக எடையுள்ள 50 பேரை 10 வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்து எடையைக் குறைத்தது. அது முடிந்து ஒரு வருஷம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். அப்போதும் லெப்டின் பழைய அளவுக்கு ஏறவில்லை, கிரெலின் இறங்கவில்லை. பசி எப்படி என்று கேட்டால், ஆரம்பத்தில் இருந்ததைவிடக் கூடுதல் என்றார்கள். ஒரு வருஷம் கழித்தும் மூளை அவர்களைப் பஞ்சத்தில் அடிபட்டவர்களாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தது.

செலவுப் பக்கமும் அப்படியே. 2005-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடை குறைத்தவர்களுக்குக் குறைந்த அளவில் லெப்டின் ஊசி போட்டுப் பழைய அளவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுருங்கிப் போயிருந்த சக்திச் செலவு மறுபடி ஏறியது. ஆக, செலவைச் சுருக்கி வைத்திருந்தது லெப்டின் குறைவுதான் என்பது தெளிவாயிற்று.

எனவே டீச்சர், முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். உங்கள் உடம்பின் செலவு அதைவிடவும் குறைந்திருக்கலாம். கூடவே பசி ஏறியிருக்கும்போது கை தானாக அள்ளுவதை நாம் பாதிதான் கவனிப்போம். இரண்டும் சேர்ந்தால் பத்துக் கிலோ திரும்புவதில் ஆச்சரியமே இல்லை.

சீர்காழி செவிலி எழுதியது:

ஒரு கேள்வி டாக்டர். லெப்டின் குறைந்தால் பசி ஏறுகிறது என்றால், குண்டாக இருப்பவர்களுக்கு லெப்டின் ஊசியே போட்டுவிடலாமே? மருந்துக்கடையில் நான் பார்த்ததே இல்லை.

வெட்டாறு எழுதியது:

1994-க்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான் கனவு கண்டார்கள் சிஸ்டர். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத குழந்தைகள் உலகத்தில் மிக அபூர்வமாக இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் அப்படி ஒரு சிறுமி, 9 வயதில் 90 கிலோவுக்கு மேல். கால் எலும்பே வளைந்துவிட்டது. லெப்டின் ஊசி தொடங்கியதும் பசி அடங்கி எடை மளமளவென்று இறங்கியது. 1999-இல் அதை வெளியிட்டார்கள்.

ஆனால் சாதாரணமாக எடை கூடியவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கோல்மனின் இரண்டாம் வகை எலி மாதிரி, மூளைக்கு அது சரியாகக் கேட்பதில்லை. மேலும் மேலும் ஊற்றியும் பெரிய பலன் இல்லை. லெப்டின் குறைந்தால் மூளை பதறுகிறது, கூடினால் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த விவகாரத்தில் நான் முக்கியமாக நினைப்பது இந்த ஓரவஞ்சனையைத்தான்.

தலைமடை எழுதியது:

அந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் பஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் பிழைத்தவர்களின் வாரிசுகள்தானே நாம். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணமே செத்து மடிந்தபோது எங்கெங்கிருந்தோ மக்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொழுப்பைச் சேர்த்து வைக்கத் தெரிந்த உடம்புதான் பிழைத்திருக்கும்.

வெட்டாறு எழுதியது:

1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற மரபியலாளர் ஏறத்தாழ இதையேதான் சொன்னார் ஐயா. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதற்கு எதிர்ப்பும் பலமாக இருக்கிறது. பஞ்சத்தில் அதிகம் சாவது குழந்தைகளும் கிழவர்களும், அதுவும் பெரும்பாலும் தொற்றுநோயால். ஒல்லியானவன் செத்தான், குண்டன் பிழைத்தான் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. இன்னொரு கட்சி வேறு மாதிரி சொல்கிறது: காட்டில் புலியும் சிறுத்தையும் துரத்திய காலத்தில் குண்டாக இருப்பது ஆபத்து. அந்தப் பயம் போன பிறகு மேல் வரம்பைக் காக்க வேண்டிய அவசியமே மூளைக்கு இல்லாமல் போயிற்று, அதனால் அது ஆளுக்கு ஆள் தளர்ந்துவிட்டது. எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேலாகத் தெரிகிறது. ஒரே ஒரு பஞ்சத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்ட எனக்கு மனசில்லை.

கடைமடைக்காரன் எழுதியது:

எல்லாம் சரி டாக்டர், என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நடவும் அறுப்பும் நின்றபோது ஏன் ஊருக்கே தொப்பை வந்தது? மூளை அவ்வளவு கணக்குப் பார்க்கிற ஆள் என்றால், வேலை குறைந்ததும் பசியையும் குறைத்திருக்க வேண்டாமா?

அரசலாறு எழுதியது:

இதற்கு நான் வருகிறேன். கும்பகோணத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். கடைமடை அண்ணனுக்காகவே செய்த மாதிரி ஒரு ஆய்வு இருக்கிறது, அதுவும் நம் நாட்டில். 1956-இல் ஜீன் மேயர் என்பவரும் கூட இருந்தவர்களும் மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் 213 ஆட்களின் சாப்பாட்டையும் எடையையும் பதிவு செய்தார்கள். குமாஸ்தா, மெக்கானிக், மூட்டை தூக்குபவர் என்று எல்லா வகை ஆட்களும் இருந்தார்கள். மிதமான வேலையிலிருந்து கடும் உழைப்பு வரை, வேலை கூடக் கூடச் சாப்பாடும் கூடியது, எடை அப்படியே நின்றது. மூளையின் கணக்கு அங்கே அழகாக வேலை செய்கிறது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. கடும் வேலை செய்பவர்கள் அளவுக்கே சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக இருந்தது.

அதாவது அசைவு ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் பசி அதைப் பின்தொடர்ந்து இறங்குவதில்லை. தாத்தாவின் மூளையும் பேரனின் மூளையும் ஒன்றுதான். தாத்தா அந்த அளவுக்கு மேலே வாழ்ந்தார், பேரன் கீழே இறங்கிவிட்டார்.

வெட்டாறு எழுதியது:

நல்ல உதாரணம் மேடம். ஆனால் உழைப்பால் எடை குறையும் என்று இதை யாரும் திருப்பிப் போட்டுப் படித்துவிடக் கூடாது. 2012-இல் ஹெர்மன் பான்ட்ஸரும் கூட்டாளிகளும் தான்சானியாவில் ஹட்ஸா மக்களின் தினசரி சக்திச் செலவை அளந்தார்கள். வேட்டையாடி, கிழங்கு தோண்டி, நாள் முழுக்க நடக்கிற ஜனங்கள். உடல் அளவுக்கு ஈடு செய்து பார்த்தால், அவர்கள் செலவழித்ததும் மேலை நாடுகளில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் செலவழித்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. உழைப்பு கூடும்போது உடம்பு வேறு இடங்களில் மிச்சம் பிடித்துவிடுகிறது என்பது அவர் வாதம்.

அரசலாறு எழுதியது:

அதை முழுதாக ஏற்காதவர்களும் இருக்கிறார்களே டாக்டர். என் வாதம் செலவைப் பற்றியதே இல்லை. நடப்பவர்களுக்குப் பசியின் அளவு சரியாகத் தெரிகிறது, உட்கார்ந்தே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. என்னிடம் வருகிறவர்களை நான் நடக்கச் சொல்வது கலோரியை எரிப்பதற்காக இல்லை. அரை மணி நடை எரிப்பதை இரண்டு உளுந்து வடை திரும்பக் கொடுத்துவிடும், அது எனக்கும் தெரியும்.

வெட்டாறு எழுதியது:

அப்படிச் சொன்னால் எனக்கு மறுப்பே இல்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நடப்பது நல்லது என்பதிலும் இல்லை.

நீடாமங்கலம் ஜங்ஷன் எழுதியது:

எனக்கு ஒரு சந்தேகம். போன வாரம் ஒரு கல்யாணம். பந்தியில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம் எல்லாம் முடிந்து, மோர்ச்சாதத்துக்கு இலையில் இடம் இருந்தாலும் வயிற்றில் இல்லை. பரிமாறுபவர் வாளியோடு வந்தபோது கையை நீட்டி மறைத்தேன். அடுத்த நிமிஷம் பக்கத்து இலையில் பால் பாயசம் ஊற்றினார்கள். ஏலக்காய் வாசனை வந்ததுதான் தாமதம், மறைத்த கையை எடுத்துவிட்டேன். இரண்டு கரண்டி. அந்த நிறைவு நியூரான்கள் அப்போது எங்கே போயிருந்தன?

வெட்டாறு எழுதியது:

அவை அங்கேதான் இருந்தன. வேறு ஆட்கள் முந்திக்கொண்டார்கள். இனிப்பையும் கொழுப்பையும் கண்டால் ஆசையைக் கிளப்புகிற டோபமைன் பாதை தனி. அது ஹைப்போதலாமஸோடு பேசும், ஆனால் அதன் பேச்சை எப்போதும் கேட்காது. இன்னொன்று, ஒரே சுவையைத் தின்னத் தின்ன அந்தச் சுவை மட்டும்தான் அலுக்கும், புதுச் சுவை வந்தால் வாய் மறுபடி திறக்கும். நம் பந்தி முறையே அந்த அலுப்பை வரவிடாமல் செய்வதற்கு அமைந்த மாதிரிதான் இருக்கிறது.

இன்னும் வேடிக்கையான ஒன்று சொல்கிறேன். முன்பு சொன்ன ஏ.ஜி.ஆர்.பி. பசி நியூரான்களை 2015-இல் நேரடியாகப் பதிவு செய்து பார்த்தார்கள். பசித்த எலியின் முன்னால் தீனியைக் காட்டிய உடனேயே, ஒரு வாய் தின்பதற்கு முன்பே, அவை அடங்கத் தொடங்கிவிட்டன. கணக்கு எழுதும் அந்த ஆள் முன்கூட்டியே வரவு வைத்துவிடுகிறார்.

வலங்கைமான் பெட்டிக்கடை எழுதியது:

நான் கடை வைத்திருக்கிறேன். சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளைத்தான் பிள்ளைகள் முதலில் கேட்கிறார்கள். வேர்க்கடலை உருண்டை பாட்டிலில் அப்படியே கிடக்கும். இந்தப் பாக்கெட்டுகள் மூளையை ஏமாற்றுகின்றன என்கிறார்களே, நிஜமா?

அரசலாறு எழுதியது:

ஏமாற்றுகின்றனவோ இல்லையோ, கூடுதலாகத் தின்ன வைக்கின்றன என்பது நிஜம். 2019-இல் அமெரிக்க அரசின் ஆய்வு நிலையத்தில் கெவின் ஹால் என்பவர் 20 பேரை அங்கேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்தார். எடுத்து வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வந்த நாட்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட வேகமும் கூடுதல். குடல் செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும். கடிக்காமல் கரையும் பண்டம் அதற்குள் உள்ளே போய்விடுகிறது. கடலை உருண்டை மென்று தீர்வதற்கே நேரம் ஆகும். அந்தப் பாட்டிலை முன்னால் நகர்த்தி வையுங்களேன்.

வலங்கைமான் பெட்டிக்கடை எழுதியது:

வைக்கிறேன். விற்காமல் போனால் உங்கள் வீட்டுக்குத்தான் அனுப்புவேன்.

கோரையாறு எழுதியது:

எல்லாம் புரிகிறது. எடை குறைக்க வாரம் ஒரு தடவை போடும் ஊசி இப்போது வந்திருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சர் தஞ்சாவூரில் போட்டுக்கொள்கிறார், பாதி இட்லியில் வயிறு நிறைந்துவிடுகிறதாம்.

சீர்காழி செவிலி எழுதியது:

நாங்களும் பார்க்கிறோம். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ நம் நாட்டுக்கு வந்ததிலிருந்து இதைக் கேட்காத ஆள் இல்லை. பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் வாரங்களில் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் என்று வருபவர்கள் நிறைய. டாக்டர் சீட்டு இல்லாமல் யாரோ தெரிந்தவர் மூலம் வாங்கி, அளவு தெரியாமல் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. சந்தையில் விற்கும் இளைக்கும் பொடியும் அப்படித்தான், அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது.

வெட்டாறு எழுதியது:

சிஸ்டர் சொன்னதோடு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, ரத்தத்தில் அது ஓரிரு நிமிஷம்தான் நிற்கும். இந்த ஊசிகள் அதைப் போலவே நடிக்கும் மருந்துகள், ஒரு வாரம் தாங்கும். மவுன்ஜாரோ இன்னொரு குடல் ஹார்மோன் போலவும் சேர்த்து நடிக்கிறது. வயிறு மெதுவாகக் காலியாவது ஒரு பங்குதான், பெரும் வேலை மூளையில், பின்மூளையிலும் ஹைப்போதலாமஸிலும் நடக்கிறது. ஐம்பது வருஷம் வாயைக் கட்டச் சொல்லியும் நடக்காதது, மூளையில் கையை வைத்ததும் நடக்கிறது. டீச்சர் முதலில் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஆனால் நிறுத்தினால் மூளை பழைய கணக்குக்கே போய்விடுகிறது. இதே குடும்பத்து மருந்தான செமாகுளூடைடை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பிவிட்டது. ஆரம்பிப்பதானால் நீண்ட காலத்துக்கு என்று நினைத்து ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள் என்று எடை ஏற்றும் மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். தூக்கம் எத்தனை மணி நேரம்?

கோரையாறு எழுதியது:

மருந்து எதுவும் இல்லை. தூக்கம் ஐந்து மணி நேரம் வந்தால் அதிகம். தேர்வுத்தாள் திருத்தும் நாட்களில் அதுவும் இல்லை.

வெட்டாறு எழுதியது:

அதைத்தான் முதலில் சரி பண்ணச் சொல்வேன். 2004-இல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டே இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். லெப்டின் இறங்கி, கிரெலின் ஏறி, இனிப்பு, பலகாரம் பக்கம் ஆசை கூடியது. பட்டினி கிடக்காமலே பட்டினிக்காரனின் ரத்தம். நடையையும் சோற்று அளவையும் அப்புறம் பார்க்கலாம்.

சீர்காழி செவிலி எழுதியது:

டீச்சர், உங்களைவிட எனக்கு உங்கள் மாமியார் மேல்தான் கவலை. ஒல்லியாக இருப்பதால் அவருக்கு ஒன்றும் இல்லை என்று யாரும் பரிசோதித்திருக்க மாட்டீர்கள். புனேயில் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யூட்கினோடு தன்னை ஒப்பிட்டு 2004-இல் ஒரு படம் வெளியிட்டார். இரண்டு பேருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடம்புக் கொழுப்போ யூட்கினுக்கு நூற்றுக்கு 9.1, யாக்னிக்குக்கு 21.2. நம் ஆட்கள் ஒல்லியாகவே இருந்து உள்ளே கொழுப்பைச் சேர்ப்பவர்கள். கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் லேசாக முன்னால் வந்திருக்கும். அப்படி எத்தனையோ பாட்டிகளைக் காலில் ஆறாத புண்ணோடு நான் பார்த்திருக்கிறேன். இஞ்ச் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும்.

கோரையாறு எழுதியது:

இப்போதுதான் அளந்தேன் சிஸ்டர், 84. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் "எனக்கென்ன கேடு, நல்லாத்தானே இருக்கேன்" என்று கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

சீர்காழி செவிலி எழுதியது:

வர வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள், வீட்டிலேயே விரலில் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிடுவார். காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் காபி டம்ளர் அவர் கைக்குப் போகாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.